சர்க்கரை கார்டுக்குக் கிடைத்த வாள்

கோமளம் டீச்சர் கத்தியை யார் கையிலிருந்தும் வாங்க மாட்டாள். கத்தி மட்டுமில்லை, கத்தரிக்கோல், அரிவாள்மனை, பிளேடு, நகவெட்டி எதுவானாலும் கொடுக்கிறவர் முதலில் கீழே வைக்க வேண்டும். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அவள் எடுத்துக்கொள்வாள். கூரானதைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும் என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுத்தவள் இப்படிப் பேசலாமா என்று யாராவது கேட்டால், "பிசிக்ஸ்ல சண்டைக்கு ஃபார்முலா கிடையாது" என்பாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் வாயைக் கொடுத்ததில்லை.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில், அவளும் அவள் கணவர் அம்பியும் குடியிருந்தார்கள். குழந்தைகள் இல்லை. அம்பி இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே காய் நறுக்கும் வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். நறுக்கி முடித்ததும் கத்தியை மேடையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பார். கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் இரண்டு பேருக்கும் பெரிதாக ஒரு சண்டை வந்ததில்லை. அம்பி சாது என்பதால்தான் வரவில்லை என்று சந்தில் சொல்வார்கள். கத்தி கைமாறாததால்தான் வரவில்லை என்பது கோமளத்தின் கட்சி.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒளிவாள் வந்து சேர்ந்தது.

ஒளிவாள் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விண்வெளியிலிருந்து யாரோ படையெடுத்து வரப்போகிறார்கள் என்று லட்சக்கணக்கில் செய்து வைத்தார்கள். எதிரி வரவில்லை. வராத எதிரிக்காகச் செய்த வாள்கள் கிடங்கில் மலையாகக் கிடந்தன. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் கொடுத்தாகிவிட்ட ஊரில் அவற்றை என்ன செய்வது என்று யாரும் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குடும்ப அட்டைக்கு ஒன்று. அரிசி கார்டுக்கு மூன்றடி, சர்க்கரை கார்டுக்கு இரண்டரை அடி. கோமளம் வீட்டில் சர்க்கரை கார்டு.

பார்க்க ஒரு குழவிக்கல் அளவுக்குப் பித்தளை நிறப் பிடி, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் ஃப்ரிட்ஜ் உறுமுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மயில்கழுத்து நிறத்தில் வெளிச்சம் வாளாக நீளும். ரேஷன் கடை வாசலில் பெண்கள், அரக்கு நிறம் இல்லையா, மாம்பழ மஞ்சள் இல்லையா, பார்டர் வைத்துக் கிடைக்காதா என்று கேட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நிறம். அந்த வாளால் ஒருத்தரும் ஒருத்தரையும் வெட்டவில்லை. சேனைக்கிழங்கு வெட்டினார்கள். வெட்டும்போதே இரண்டு பக்கமும் பொன்னிறமாக வறுபட்டுவிடும் என்பதால் எண்ணெய் மிச்சம். வெங்காயம் கண்ணைக் கரிக்காது. முற்றின தேங்காய், பலாக்கொட்டை, ஃப்ரிட்ஜில் உறைந்து போன மாவு எல்லாம் ஒரே வீச்சு. கோமளம் அதில் ஊதுபத்தி கொளுத்துவாள். பிளாஸ்மா என்றால் என்ன என்று அம்பிக்கு மூன்று முறை பாடம் நடத்தியும் இருக்கிறாள். ஆனால் அணைத்து மேடையில் வைத்தால்தான் எடுப்பாள்.

பிடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கையின் சூடு பட்டால்தான் வாள் நிற்கும், கையை எடுத்தால் தானே அணைந்துவிடும். அந்தச் சூட்டை அறிகிற கண் அந்த ஓட்டைக்குள் இருந்தது. படை வீரர்கள் போர்க்களத்தில் வாளைக் கீழே போட்டுவிட்டால் ஆபத்து வரக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

போன ஆயுத பூஜைக்கு கோமளம் அதில் சந்தனம் வைத்தாள்.

எல்லா ஆயுதத்துக்கும்தான் வைத்தாள். அரிவாள்மனை, சுத்தியல், அம்பியின் சவரக் கத்தி, பழைய வெர்னியர் காலிப்பர் எல்லாம் பெற்றுக்கொண்டன. ஒளிவாளுக்கு எங்கே பொட்டு வைப்பது என்பதில்தான் சிக்கல். ஏற்றினால் சந்தனம் கருகிவிடும். அணைத்தால் வாளே இல்லை, வெறும் பிடி. புத்தகத்துக்கு அட்டை, வண்டிக்கு முகப்பு என்று எதற்கும் ஒரு நெற்றி உண்டு. பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஓட்டைதான் நெற்றி மாதிரி பட்டது. விரல் நுனியில் குழைத்து எடுத்து நன்றாக அழுத்தி வைத்தாள், அதன் மேல் குங்குமம். பூஜையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாதாகையால் வாள் கொலுப் படிக்குக் கீழே பாடப் புத்தகங்களோடு ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தது. சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. காலை ஏழு மணிக்கு அம்பி சுண்டலுக்கு மாங்காய் நறுக்க வாளை ஏற்றினார். நறுக்கினார். பொத்தானை அழுத்தினார். அணையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். அதற்கும் அணையவில்லை. சரி, கையை எடுத்தால் அணைந்துவிடுமே என்று பிடியை லேசாகத் தளர்த்தினார். வாள் ஒரு முழம் வளர்ந்தது.

"கோமளம்! சித்த இங்க வா. பதறாம வா."

பதறிக்கொண்டுதான் வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சந்தனத்தில் பிடியின் கண் மூடிப்போய், எல்லாம் தலைகீழாகிவிட்டிருந்தது. கை இருந்தால் இரண்டரை அடியில் அடங்கி நிற்கிறது, கை போனால் நீள்கிறது. சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது என்று பெண்களுக்குப் பாடம் சொன்னவள் ஆயிற்றே, அரிசி டிரம்முக்குள் பிடியைச் செருகிச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னாள். அம்பி நிறுத்திக் கையை எடுத்தார். வாள் உறுமிக்கொண்டு உயர்ந்து கூரையைத் தொட்டு, தொட்டதோடு நிற்காமல் மேலே போயிற்று. மாடியிலிருந்து ஏதோ சரிந்து விழுகிற சத்தமும், அதன் பின்னால் ஒரு அலறலும் கேட்டன. அம்பி பாய்ந்து பிடியைப் பற்றினார்.

மேல் வீட்டு மதிவாணன், அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், லுங்கியும் கையில் இட்லித் தட்டுமாக இறங்கி வந்தார்.

"டீச்சர், எங்க டைனிங் டேபிளுக்கு ஒரு கால் இல்ல. சாம்பார் பூரா மாமியார் மடியில."

"மன்னிக்கணும் சார். அணைய மாட்டேங்கறது."

அவர் கூரை ஓட்டையைப் பார்த்தார், அம்பியைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். "சாருக்குத் தோள்பட்டை சரியில்லையே, நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமா?" என்று கையை நீட்டினார்.

"வேண்டாம்!" என்று கோமளம் குறுக்கே வந்து நின்றாள். செயலாளரோடு அம்பிக்குச் சண்டை வந்தால் அப்புறம் தண்ணீர் லாரி இவர்கள் தொட்டிக்கு எந்த முகத்தோடு வரும்? மதிவாணன் ஒன்றும் புரியாமல் இட்லித் தட்டோடு மேலே போய்விட்டார்.

அம்பிக்கு வலது தோள் இறுகிப்போய் ஒரு வருஷமாகிறது. தலை சீவவே இடது கைதான். அந்த இடது கையால் அவர் வாளைப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில், கொலுவைப் பார்த்தபடி நின்றார். உட்காரலாமென்றால், உட்காரும்போது பிடி தளர்ந்து வாள் வளர்ந்து விசிறியைத் தொட்டுவிடும் போலிருந்தது. சாய்த்துப் பிடிக்கலாமென்றால் ஒரு பக்கம் கொலு, ஒரு பக்கம் ஜன்னல் திரை. ராயப்பேட்டை வலியுல்லா பாய்க்கு கோமளம் போன் செய்தாள். அந்த வட்டாரத்தில் மிக்சியிலிருந்து ஒளிவாள் வரை எல்லாவற்றையும் பழுது பார்க்கிறவர் அவர்தான்.

வலியுல்லா ஒன்பது மணிக்கு வந்தார். வாசலிலேயே கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, சந்தனம் வெச்சீங்களா?"

"வெச்சேன். ஆயுத பூஜை இல்லையா?"

"எங்க வெச்சீங்கோ?"

"அந்த ஓட்டையில. வாளுக்கு நெத்தி எதுன்னு தெரியலை பாய். அதுதான் நெத்தி மாதிரி இருந்தது."

வலியுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். "காலைலேர்ந்து பதினாலு வூடுமா. எல்லாரும் அதே நெத்திதான். எங்க வூட்ல ஜைதூன் பீ நாள் பூரா இதுல ரொட்டி சுட்டுக்கினு கீறா, ஒண்ணும் ஆவல. குடுங்க சார், பாப்போம்."

கோமளம் தடுப்பதற்குள் அவர் அம்பியின் கைக்கு மேல் கை வைத்துப் பிடியை வாங்கிவிட்டார். கைக்குக் கை. கோமளம் கண்ணை மூடிக்கொண்டாள். வலியுல்லா ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, பேச்சுவாக்கில், "சாருக்கு மிக்சி நல்லா ஓடுதா?" என்று கேட்டார்.

"எங்க ஓடறது? நீர் பார்த்துக் குடுத்ததுலேர்ந்து சட்னி திரிதிரியாத்தான் வரது" என்றார் அம்பி. ஈ எறும்புக்கு வலிக்காமல் பேசுகிற அம்பி.

"இன்னா சார் சொல்றீங்க? என் கை பட்ட மிக்சி திரிதிரியா அரைக்குமா? உங்க தேங்கா முத்தலு. அத்த சொல்லுங்க."

"முப்பது வருஷமா தேங்கா வாங்கறேன். எனக்குத் தேங்கா தெரியாதா?"

"முப்பது வருசமா நான் மிக்சி பாக்குறேன். எனக்கு மிக்சி தெரியாதா?"

குரல்கள் ஏறிக்கொண்டே போயின. வலியுல்லா முகம் சிவந்து வாளைத் திரும்ப அம்பி கையில் திணித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். கோபத்திலும் தொழில் சுத்தம் போகாத மனிதர். "சூட்டுல சந்தனம் உள்ள செங்கல்லு மாதிரி ஆயிட்டுதும்மா. இப்ப நோண்டினா வெடிச்சாலும் வெடிக்கும். சார்ஜ் எறங்குனா தானா அணையும், அப்பறம் எடுத்துக் குடுத்துர்றேன். சாயங்காலம் ஆறு ஆறரை ஆவும். அதுவரைக்கும் கை எடுக்காம புடிச்சுக்கினே இருக்கணும். மத்த வூட்ல எல்லாம் ஏழு பேர் எட்டு பேர் கீறாங்க, மாத்தி மாத்தி புடிச்சுக்கினு கீறாங்க. நீங்களும் அப்டியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"பார்த்தேளா?" என்றாள் கோமளம். "கைக்குக் கை குடுத்து அரை நிமிஷம் ஆகலை."

அம்பிக்கே திகைப்பாகத்தான் இருந்தது. அந்த மிக்சியைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் குறை சொன்னதில்லை.

ஒன்பதரைக்கு அம்பியின் இடது கை நடுங்க ஆரம்பித்தது. வாளும் அதோடு நடுங்கியது. கொலுவில் மேல்படியில் நின்ற செட்டியார் பொம்மையின் தலைப்பாகை நுனி லேசாகப் புகைந்தது. "கோமளம், ஒரு பத்து நிமிஷம் வாங்கிக்கோயேன். சித்த கையை உதறிண்டு மறுபடி பிடிச்சுக்கறேன்" என்றார். அவர் இதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கோமளம் கிட்டே வந்தாள். கை நீட்டினாள். பாதி தூரத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஏனென்று அம்பிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மேற்கு மாம்பலத்தில், அவளுடைய அக்கா விசாலாக்ஷி வீட்டில் ஒரு பலாப்பழம் வெட்டினார்கள். கை முழுக்க எண்ணெயும் பாலுமாக இருந்த விசாலாக்ஷி, "இந்தாடி" என்று கத்தியை நீட்டினாள். கோமளமும் ஏதோ ஞாபகத்தில் வாங்கிவிட்டாள். அன்று மத்தியானமே பேச்சு விசாலாக்ஷியின் பிள்ளை அச்யுத்தின் படிப்பில் வந்து நின்றது. "அவனுக்கு பிசிக்ஸ் வராது அக்கா. வீணா இன்ஜினீயரிங்னு பிராணனை வாங்காதே" என்றாள் கோமளம். உறவுக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், விடைத்தாள் திருத்துகிற குரலில் சொன்னாள். அதற்கு விசாலாக்ஷி சொன்னாள்: "பெத்திருந்தா தெரியும்."

கோமளம் பலாச்சுளையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு அக்கா தங்கை பேசவில்லை. கால் மணி நேர ஆட்டோ தூரம், இருபத்திரண்டு கொலு போய்விட்டது. அக்காவை வெறுக்க கோமளத்தால் முடியவில்லை. தான் முதலில் சொன்னதை மறக்கவும் முடியவில்லை. ஆகவே பழியைத் தூக்கிக் கத்தியின் மேல் போட்டாள். கத்தி மறுத்துப் பேசாது, சௌகரியம். அக்கா ஒருத்தி போனாள். மிச்சமிருப்பது அம்பி ஒருத்தர். அவரையும் ஒரு பத்து நிமிஷத்துக்காகப் பணயம் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் கோமளத்துக்கு அந்த யோசனை வந்தது.

"ஏன்னா, கத்தியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும். சரி. ஏற்கெனவே சண்டையா இருக்கறவா குடுத்துண்டா?"

"என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. வர வேண்டியதெல்லாம் வந்தாச்சே!"

அம்பி வாளைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அக்காவோடு அவரும்தான் பேசுவதில்லை, கோமளத்துக்காகப் பேசுவதில்லை. கணக்கு சரியாக இருந்தது. அம்பியிடமிருந்து விசாலாக்ஷி வாங்கலாம். விசாலாக்ஷியிடமிருந்து கோமளம் வாங்கலாம். இந்த உலகத்தில் கோமளம் பயமில்லாமல் கத்தி வாங்கக்கூடிய கை அது ஒன்றுதான்.

நம்பர் போனில் இல்லை, ஆனால் விரலுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"நான்தான். கோமளம். கத்தி பிடிச்சுக்க ஆள் வேணும்."

விசாலாக்ஷியின் குரல், "அதே ஆத்துலதானே இருக்கேள்?" என்று கேட்டது.

"ஆமா."

"வரேன்."

இருபது நிமிஷத்தில் ஆட்டோ வந்து நின்றது. அறுபத்தேழு வயசு, ஈரத்தலை முடிச்சு அவிழ்ந்து, செருப்பு இரண்டும் இரண்டு ஜோடி. படியேறி வந்து வாசலில் நின்று, வாளோடு நிற்கிற அம்பியையும், புகைந்த செட்டியாரையும், கூரை ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிற மதிவாணனின் மாமியாரையும் பார்த்தாள். யாரும் யாரையும் வாங்கோ என்று சொல்லவில்லை. பேச்சு இல்லாதவர்கள் எப்படிச் சொல்வது? கோமளம் சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தை விளக்கினாள். ஏன் அவளை அழைத்தாள் என்பதையும் சேர்த்து, தேற்றத்தை நிரூபிப்பது போல படிப்படியாகச் சொன்னாள்.

"அப்போ என்கிட்ட சண்டை இருக்கறதாலதான் கூப்பிட்டே" என்றாள் விசாலாக்ஷி.

"ஆமா."

"நியாயம்தான்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்பியின் கைக்குக் கீழே கை கொடுத்து வாளை வாங்கினாள். அம்பி அப்படியே நாற்காலியில் விழுந்தார். ஒரு சண்டையும் வரவில்லை. கோமளம் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள். வரவில்லை.

பள்ளிக்கூடப் பழக்கம் போகுமா? ஒரு தாளில் கோடு போட்டு, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பீரியட் என்று எழுதிக் கொலுப் படியில் சாய்த்து வைத்தாள். முதல் பீரியட் விசாலாக்ஷி. இரண்டாவது கோமளம். மணியடித்ததும் கோமளம் போய் அக்காவின் கைக்குக் கீழே பிடியைப் பற்றினாள். அக்காவின் விரல்கள் அவள் விரல்களின் மேல் பட்டன, மெலிந்து எலும்பாக இருந்தன. இவ்வளவு வயசாகிவிட்டதா இவளுக்கு என்று கோமளத்துக்குச் சுரீரென்றது. வாங்கி நிமிர்த்திப் பிடித்தாள்.

இரண்டாவது பீரியட் முடியும் வரை வாள் மட்டும்தான் உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் விசாலாக்ஷி, யாரிடமும் சொல்லாதது போல, "அடுப்புல ஏதோ தீயறது" என்றாள். சுண்டல். கோமளம் ஓடினாள். திரும்பும்போது ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தாள். ஆனால் அக்காவுக்கு இரண்டு கையும் ஓய்வில்லை. ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு ஸ்பூனால் ஊட்டினாள்.

"உப்பு இல்லை" என்றாள் விசாலாக்ஷி மென்றுகொண்டே.

"நீ வந்த அவசரத்துல மறந்துட்டேன்."

"நான் வராட்டா மட்டும் போட்டுடுவியாக்கும். அம்மாவே சொல்லுவா, கோமளத்துக்கு உப்புக்கை இல்லைன்னு."

கோமளம் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலியில் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அம்பி சத்தம் போடாமல் தைலப் புட்டியை மூடினார்.

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. யார் வீட்டில் யார் போனார்கள், யாருக்கு முட்டி மாற்றினார்கள், பாண்டி பஜாரில் எந்தப் புடவைக் கடை மூடிவிட்டது, ஒவ்வொரு நவராத்திரியிலும் விசாலாக்ஷி மாடவீதி வரை வந்து குளத்தைச் சுற்றிவிட்டு, சந்து முனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது, எல்லாம் வந்தது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு கோமளத்துக்கு வாள் கையில் ஆடியது. அது அவளுடைய பீரியட்.

"சந்து வரைக்கும் வந்தியா?"

"எல்லா வருஷமும். ஒரு தரம் உங்காத்து வாசல் கோலத்தைக்கூடப் பார்த்தேன். புள்ளி ஒண்ணு தப்பு."

மூன்றேகால் மணிக்கு முறை மாறியது. வாளை வாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, விசாலாக்ஷி தொண்டையைச் செருமினாள். "அச்யுத்துக்கு பிசிக்ஸ் வரலைடி."

கோமளம் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொன்னது சரிதான். மூணு அரியர். அப்புறம் பாங்க் பரீட்சை எழுதிப் போய்ட்டான், ஜம்முனு இருக்கான். உன்கிட்ட சொல்லணும்னு இருபது வருஷமா நினைச்சிண்டிருக்கேன்."

"பத்துப் பேர் நடுவுல நான் சொல்லியிருக்கக் கூடாது, அக்கா."

"நான் சொன்னது?" விசாலாக்ஷியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கையில்லை. "அதைச் சொன்ன அன்னியிலேர்ந்து நான் பலாப்பழம் சாப்பிடறதில்லைடி."

கோமளம் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "விடு. கத்தி பண்ணின வேலை அது. கைக்குக் கை வாங்கிட்டேன்."

"கத்தி என்னடி பண்ணும்? எல்லாம் என் வாய்" என்றாள் விசாலாக்ஷி.

கோமளத்துக்கு நெஞ்சில் இருபத்திரண்டு வருஷமாக இருந்த ஏதோ ஒன்று இடம் பெயர்ந்தது. அழுதாள். அழுதுகொண்டே கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டாள், டீச்சர் அல்லவா. நான்கு அடிக்க ஐந்து நிமிஷம். அக்காவின் பீரியட் முடிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

"குடு அக்கா. என் முறை."

விசாலாக்ஷி வாளை நீட்டப் போனாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு வாளோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"மாட்டேன்."

"ஏன்?"

"காத்தால குடுத்தது வேற. அப்போ நமக்குள்ள சண்டை இருந்தது. இப்போ கைக்குக் கை குடுத்தா வந்துடும்."

"கத்தி என்ன பண்ணும்னு நீதானே இப்போ சொன்னே?"

"சொன்னேன். இருந்தாலும் மாட்டேன். ஆறு மணி வரைக்கும் நானே பிடிச்சுக்கறேன். இன்னொரு இருபத்திரண்டு வருஷத்துக்கு நேக்கு ஆயுசு இல்லைடி."

எந்த வகுப்பிலும் யாரும் இப்படிக் கோமளம் சொன்ன விதியையே எடுத்து அவள் வாயை அடைத்ததில்லை. அக்காவின் மெலிந்த கை அப்போதே நடுங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம். அறுபத்தேழு வயசுக் கை. செட்டியார் பொம்மை இருந்த திசையில் வாள் மெல்லச் சாய்ந்தது.

கோமளம் அக்காவுக்கு அருகில் போனாள். வாளைத் தொடவில்லை. அக்காவின் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாள் நேராக நிமிர்ந்தது. கத்தியைத்தானே வாங்கக் கூடாது? கையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் கோமளம், இதைக் காத்தால எனக்குப் பண்ணியிருக்கப்படாதா? இப்படி முழங்கையைத் தாங்கிண்டு நின்னிருந்தா, சாயங்காலம் வரைக்கும் நானே பிடிச்சிண்டிருந்திருப்பேனே. யாரையும் கூப்பிட்டிருக்கவே வேண்டாமே."

கோமளம் யோசித்தாள். சத்தியமாக அவளுக்கு அது தோன்றவில்லை. முப்பத்தோரு வருஷம் நெம்புகோல் பாடம் எடுத்தவளுக்குத் தோன்றவில்லை.

"தோணலைன்னா" என்றாள்.

அம்பி அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல வேளை" என்று சொல்லிவிட்டு மறுபடி தைலப் புட்டியைத் திறந்தார்.

ஆறேகாலுக்கு வாள் இரண்டு முறை விக்கிவிட்டு அணைந்தது. விசாலாக்ஷி குனிந்து, பிடியைக் கொலுப் படிக்கு முன்னால் தரையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். எப்போதும் ஒரு மூச்சு விட்டு எடுக்கிற கோமளம், அன்று இரண்டு மூச்சு விட்டு எடுத்தாள்.